எழுத்துச் செதுக்கும் எந்திரமும் ஏற்ற மென்பொருளும்

கல்லிலும் செம்பிலும் ஓலையிலும் எழுத்தைப் பொறித்துக் காலங்கடந்து வாழச் செய்தது தமிழ் மரபு. மரத்திலும் சுதையிலும் அரபு எழுத்தை அணியாக்கிப் பள்ளிவாசல்களையும் நூலகங்களையும் அழகுபடுத்தியது இஸ்லாமிய மரபு. இவ்விரு மரபுகளுக்கும் உரிமை பூண்டவர்கள் தமிழக முஸ்லிம்கள். எனவே, மரவேலையைப் பொழுதுபோக்காகக் கொண்ட என்னிடம் எங்கள் தெருவின் மதரஸா நூலகத்துக்கு ஒரு முகப்புப் பலகை செய்து தருமாறு பெரியவர்கள் கேட்டபோது, இறைவனின் திருநாமத்தை அரபியிலும் நூலகத்தின் பெயரைத் தமிழிலும் ஒரே தேக்குப் பலகையில் செதுக்குவது என்று முடிவு செய்தோம்.

உளியைக் கையாளும் வலிமை வயதின் காரணமாகக் குறைந்துவிட்டமையால், கணினியின் கட்டளைப்படி இயங்கும் சிறிய செதுக்குபொறி ஒன்றை வாங்கினேன். சி.என்.சி. ரூட்டர் என்பது அதற்கு வழங்கும் பெயர். 600 மி.மீ. நீளமும் 400 மி.மீ. அகலமும் கொண்ட பரப்பில் அது செதுக்கும். எந்திரத்தை வாங்குவது எளிதாக முடிந்தது. அதற்குரிய மென்பொருளைத் தேர்ந்தெடுப்பதுதான் பல வார காலச் சிந்தனையை வேண்டிற்று. அச்சிந்தனை தொழில்நுட்பத்தோடு நில்லாமல் மொழி, நேர்மை, வருங்காலம் ஆகியவற்றையும் தொட்டுச் சென்றமையால், தமிழ்த்துறை மலரில் அதனைப் பகிர்ந்துகொள்வது பொருந்தும் எனக் கருதுகிறேன்.

எந்திரம் கட்டளை கேட்ட வரலாறு

எந்திரத்துக்கு எண்களால் ஆணையிடும் முறை இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் அமெரிக்காவில் தோன்றியது. ஹெலிகாப்டரின் சுழலிறக்கைகளைப் பிழையின்றிச் செய்யும் வழியைத் தேடிய ஜான் பார்சன்ஸ் என்பவரின் முயற்சியே அதற்கு வித்து. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தினர் 1952ஆம் ஆண்டில், துளையிட்ட நாடாவில் பதித்த எண்களைப் படித்து உலோகத்தைக் கடையும் எந்திரத்தை இயக்கிக் காட்டினர். பின்னர் அவ்வாணைகளுக்கு ஒரு பொதுமொழி அமைந்தது. ‘ஜி-கோடு’ எனப்படும் அம்மொழியின் அமெரிக்கத் தரவரையறை 1980இல் வெளியாயிற்று.

இம்மொழியின் இலக்கணம் எளியது. ‘ஜி0’ என்றால் வெற்றிடத்தில் விரைந்து செல்க. ‘ஜி1’ என்றால் நேர்கோட்டில் வெட்டிச் செல்க. ‘ஜி2’, ‘ஜி3’ என்பன வட்டவில்லில் செல்லப் பணிப்பன. ‘ஜி21’ மில்லிமீட்டர் அளவையும், ‘ஜி20’ அங்குல அளவையும் குறிக்கும். இவ்விரண்டில் ஒன்று மாறிப்போனால் பலகையின் அளவு 25.4 மடங்கு பிறழும். ஓர் எழுத்து மாறினால் பொருள் மாறும் என்பதைத் தமிழ் மாணவர்க்கு எடுத்துரைக்கத் தேவையில்லை.

வரைதல், வெட்டுமுனை செல்லும் வழியை வகுத்தல், எந்திரத்தை இயக்குதல் என இப்பணி மூன்று படிகளை உடையது. மூன்றையும் ஒரே மென்பொருள் செய்வதும் உண்டு. தனித்தனி மென்பொருள்கள் செய்வதும் உண்டு. தேர்வுக்கு முன்னர் நான்கு கேள்விகளை ஒரு தாளில் எழுதிக்கொண்டேன். தமிழையும் அரபியையும் சிதைக்காமல் இது வரையுமா? வெட்டும் வழியை முன்கூட்டியே காட்டுமா? நில் என்றால் எந்திரம் நிற்குமா? நான் உழைத்து உருவாக்கிய கோப்பு என்றும் என் கையில் இருக்குமா? இந்நான்கையும் உரைகல்லாகக் கொண்டே ஒவ்வொன்றையும் ஆராய்ந்தேன்.

எழுத்தை வரைதல்

முதற் கேள்வியிலேயே பல மென்பொருள்கள் பின்தங்கின. ஆங்கில எழுத்துகள் ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் நிற்பவை. நம் எழுத்துகள் அத்தகையன அல்ல. ‘கொடை’ என்னும் சொல்லைக் கணினி ககரம், ஒகரக் குறி, டகரம், ஐகாரக் குறி என்ற வரிசையில் நினைவில் வைக்கிறது. திரையில் காட்டும்போதோ ஒகரக் குறியை இரண்டாகப் பிரித்து ககரத்தின் இருபுறமும் நிறுத்த வேண்டும். ஐகாரக் குறியை டகரத்துக்கு முன்னே கொண்டுவர வேண்டும். அரபு எழுத்துகளோ வலமிருந்து இடம் செல்வன. சொல்லின் முதல், இடை, கடை என்னும் நிலைக்கேற்ப வடிவம் மாறிக் கைகோப்பன. இவ்வொழுங்கை அறியாத மென்பொருளில் தமிழ்க்குறிகள் இடம் பெயர்ந்து நிற்கும். அரபு எழுத்துகள் தனித்தனியே உதிர்ந்து, திசையும் மாறிக் கிடக்கும். இறைநாமம் அவ்வாறு மரத்தில் பதிந்துவிட்டால் அதனை அழிப்பான் கொண்டு துடைக்க இயலாது.

இக்குறையின்றி எழுதக் கண்டது இங்க்ஸ்கேப் என்னும் வரைகலை மென்பொருள். 2003ஆம் ஆண்டு முதல் வெளிவரும் இது விலையின்றிக் கிடைப்பது. அதன் மூலநிரலும் அனைவர்க்கும் திறந்தது. இரு மொழி எழுத்துகளையும் அது முறைப்படி கோத்துக் காட்டியது. எழுதிய சொல்லைக் கோட்டுருவாக மாற்றிவிட்டால், பின்வரும் மென்பொருளுக்குத் தமிழோ அரபியோ தெரிந்திருக்க வேண்டிய தேவையில்லை. அது வெறும் வளைகோடுகளையே காணும்.

ஆயினும் இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. அரபு எழுத்துகள் இணையும் இடங்களில் ஒன்றன் வெளிக்கோடு மற்றொன்றின் மேல் ஏறிக் கிடக்கும். அவற்றை ஒன்றாக இணைத்து ஒரே வெளிக்கோடாக்கும் கட்டளையைத் தவறாமல் கொடுக்க வேண்டும். கொடாவிடில் இணைப்புதோறும் வெட்டுமுனை குறுக்கே ஒரு வடுவைச் செதுக்கிச் செல்லும். மற்றொன்று அளவு பற்றியது. இங்க்ஸ்கேப்பின் பழைய பதிப்புகள் ஓர் அங்குலத்தை 90 புள்ளிகளாகக் கொண்டன. 2017இல் வந்த 0.92 பதிப்பு முதல் அது 96 ஆயிற்று. பழைய கணக்கில் 300 மி.மீ. நீளமாக வரைந்ததை 96 எனக் கொண்டு படிக்கும் மென்பொருளில் அது 281.25 மி.மீ. ஆகச் சுருங்கும். ஆதலின் படத்தின் ஓரத்தில் 100 மி.மீ. சதுரம் ஒன்றை வரைந்து, அடுத்த மென்பொருளில் அதனை அளந்து பார்த்த பின்னரே மேற்செல்வதை வழக்கமாக்கிக்கொண்டேன்.

பெட்டி, இணைப்பு, பொருத்து போன்ற முப்பரிமாணப் பொருள்களை வரைவதற்கு ஃப்ரீகேட் என்னும் திறந்த மென்பொருள் உதவுகிறது. பல்லாண்டு வளர்ச்சிக்குப் பின்னர் 2024 நவம்பரில் அதன் 1.0 பதிப்பு வெளியாயிற்று. பழகுவதற்குப் பொறுமை வேண்டும். ஆனால் பழகியவனைக் கைவிடுவதில்லை.

வழியை வகுத்தல்

வரைந்த கோட்டின்மீது வெட்டுமுனையை அப்படியே ஓட்டிவிட முடியாது. 3 மி.மீ. விட்டமுள்ள பிட் உட்புற மூலை ஒவ்வொன்றிலும் 1.5 மி.மீ. ஆரமுள்ள வளைவை விட்டுச் செல்லும். எழுத்தின் கூர்முனை அங்கே மழுங்கிவிடும். இதற்குத் தீர்வு, கூம்பு வடிவ பிட்டைக் கொண்டு செதுக்குதல். எழுத்து அகலுமிடத்தில் முனை ஆழ்ந்தும், குறுகுமிடத்தில் மேலெழுந்தும் செல்வதால், உளியால் செதுக்கியது போன்ற கூர்மை கிட்டும்.

ஆழத்தின் கணக்கு எளிது. 90 பாகைக் கூம்பில் ஆழம் அகலத்தில் சரிபாதி. 60 பாகைக் கூம்பில் அகலத்தின் 0.866 மடங்கு. 12 மி.மீ. அகலமுள்ள அரபுக் கோட்டை 60 பாகையில் செதுக்கினால் ஏறத்தாழ 10.4 மி.மீ. ஆழம் செல்லும்; 18 மி.மீ. பலகைக்கு அது மிகையாகும். 90 பாகையில் 6 மி.மீ. போதும். எனவே தடித்த அரபு எழுத்துக்கு 90 பாகையும், நுண்ணிய தமிழ் எழுத்துக்கு 60 பாகையும் வகுத்தேன். இவ்வாறு வழிவகுக்கும் திறன் எஃப்-என்கிரேவ் என்னும் இலவச மென்பொருளிலும் உண்டு, ஃப்ரீகேட்டிலும் உண்டு. விலைக்குக் கிடைக்கும் வி-கார்வ் இப்பணியை இன்னும் எளிதாகவும், கண்ணுக்கு இனிய முன்காட்சியோடும் செய்கிறது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

வேகத்தையும் நாமே கணக்கிட்டுத் தருதல் வேண்டும். நிமிடத்துக்கு 18,000 சுற்று, இரண்டு வெட்டுவிளிம்பு, விளிம்புக்கு 0.05 மி.மீ. சீவல் எனக் கொண்டால், மூன்றையும் பெருக்க நிமிடத்துக்கு 1,800 மி.மீ. வேகம் வருகிறது. இதனினும் மிக மெதுவாகச் சென்றால் முனை மரத்தைச் சீவாமல் தேய்க்கும். தேய்த்தால் சூடேறிக் கருகும். எந்திரத்தின் கட்டுமானம் தாங்காவிடில், சுற்றையும் வேகத்தையும் ஒருசேரக் குறைத்துக்கொள்ளலாம். மென்பொருள் எதுவாயினும் இக்கணக்கை அறியாதவனுக்கு அது உதவாது.

எந்திரத்தை இயக்குதல்

மூன்றாம் படியில் மூவகை மென்பொருள்கள் என் முன்னே நின்றன. விண்டோஸ் கணினியில் இயங்கும் மாக்-3, சிறு தொழிற்கூடங்களில் நெடுங்காலம் கோலோச்சியது. ஆயினும் அது நம்பியிருந்த பழைய அச்சுப்பொறித் துறைக்கான இயக்கி, 64 பிட் விண்டோஸில் இயங்காது. இரண்டாவது லினக்ஸ்-சி.என்.சி. அமெரிக்க அரசின் தரநிர்ணய நிறுவனமான நிஸ்ட் உருவாக்கி மக்களுக்குப் பொதுவாக்கிய நிரலிலிருந்து வளர்ந்தது இது. ஆற்றல் மிக்கது, பெரிய எந்திரங்களையும் ஆளவல்லது. ஆனால் நொடியின் நுண்பகுதிகளில் தவறாது துடிப்பு அனுப்பத் தக்க கணினியைத் தேர்ந்து, அதற்கென ஒதுக்கி வைக்க வேண்டும்.

மூன்றாவது ஜி.ஆர்.பி.எல். நார்வே நாட்டைச் சேர்ந்த சிமென் ஸ்வாலே ஸ்கோக்ஸ்ருட் 2009இல் தொடங்கிய திறந்த நிரல் இது. அர்டுயினோ என்னும் உள்ளங்கை அளவுப் பலகையில், 32 கிலோபைட் நினைவகத்துக்குள் இது அடங்கிவிடுகிறது. துடிப்புகளைச் சிறு பலகையே கணித்து அனுப்புவதால், கணினியில் வேறு வேலை குறுக்கிட்டாலும் மோட்டாரின் ஓட்டம் பிசகுவதில்லை. நொடிக்கு ஏறத்தாழ 30,000 துடிப்புகளை இது அனுப்பும். என் எந்திரத்தின் மோட்டார் ஒரு சுற்றுக்கு 200 படி நகர்வது. ஒவ்வொரு படியையும் எட்டாகப் பகுத்து, சுற்றுக்கு 8 மி.மீ. நகரும் திருகுத்தண்டில் பூட்டினால், மில்லிமீட்டருக்கு 200 துடிப்பு வேண்டும். நிமிடத்துக்கு 1,800 மி.மீ. என்பது நொடிக்கு 30 மி.மீ.; அதற்கு 6,000 துடிப்புகளே போதும். ஐந்தில் ஒரு பங்கு வலிமையிலேயே என் வேலை முடிந்துவிடும் என்று தெரிந்தபின், பெரியதை நாட வேண்டிய காரணம் எனக்குத் தோன்றவில்லை. கணினியிலிருந்து கட்டளைகளை வரிவரியாக அனுப்ப யுனிவர்சல் ஜி-கோடு சென்டர் என்னும் இலவச மென்பொருளைத் துணைக்கொண்டேன்.

நிறுத்தம் பற்றியும் ஒரு சொல். ஜி.ஆர்.பி.எல். பலகைக்கு வியப்புக்குறி ஒன்றை அனுப்பினால், எந்திரம் தன் இடத்தை மறவாமல் வேகம் தணிந்து நிற்கும். ஆனால் அதனால் சுழலும் பிட் நின்றுவிடாது. ஆதலால், மின்சாரத்தையே துண்டிக்கும் சிவப்புப் பொத்தான் ஒன்றைக் கையெட்டும் தொலைவில் பொருத்துவது கட்டாயம். உயிருக்கும் உறுப்புக்கும் உரிய காவலை மென்பொருளிடம் மட்டும் ஒப்படைத்தல் ஆகாது.

நேர்மை என்னும் அளவுகோல்

இத்தேர்வுக்கிடையில் ஒருநாள் என் சகோதரியின் மகன் ஒரு பென் டிரைவோடு வந்தான். பொறியியல் பயில்பவன், என்பால் அன்பு மிக்கவன். “மாமா, எதற்கு இத்தனை சிரமம்? விலையுள்ள மென்பொருள் எல்லாம் பூட்டுடைத்து இதில் இருக்கிறது. எல்லாருமே இப்படித்தான் வைத்திருக்கிறார்கள்” என்றான்.

அவனைக் கடிந்துகொள்ள எனக்கு மனம் வரவில்லை. “தம்பி, இந்தப் பலகையில் நாம் எதைச் செதுக்கப் போகிறோம்?” என்று மட்டும் கேட்டேன். அவன் சிறிது நேரம் பேசாதிருந்து, பென் டிரைவைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

பள்ளிவாசலுக்குத் தரும் கொடை ஹலாலான பொருளிலிருந்து வர வேண்டும் என்பதை நம் வீட்டுச் சிறுவரும் அறிவர். கண்ணுக்குப் புலப்படும் மரத்தில் காட்டும் அப்பேணுதலை, கண்ணுக்குப் புலப்படாத மென்பொருளில் நாம் காட்டுவதில்லை. பிறர் உழைப்பின் விலையைக் கொடாமல் எடுத்துக்கொள்வது, ‘ஹக்குல் இபாத்’ எனப்படும் மனிதர்க்கு மனிதர் பட்ட கடனில் சேராதா? இக்கேள்வியை மார்க்க அறிஞர்கள் விரித்துரைக்கலாம். என் மனச்சான்றுக்கு ஐயமிருக்கவில்லை. திருநாமத்தைத் தாங்கும் பலகை, உரிமையில்லாத கருவியால் உருவாதல் கூடாது.

இதனால் விலைக்குக் கிடைக்கும் மென்பொருள்களை நான் இகழ்வதாகக் கொள்ளற்க. வருவாய்க்காகத் தொழில் செய்பவர்க்கு அவை காலத்தை மிச்சப்படுத்தும். விலை கொடுத்து வாங்குவது அவர்க்குத் தகும். பொழுதுபோக்காளனுக்கோ, உரியவர்களே மனமுவந்து திறந்து வைத்திருக்கும் வாயில்கள் பல இருக்கும்போது, பூட்டை உடைக்க வேண்டிய தேவை எங்கே இருக்கிறது?

கோப்பு யார் கையில்?

நான்காம் கேள்வி எஞ்சி நின்றது. ஃப்யூஷன் என்னும் மென்பொருள், வரைதலையும் வழிவகுத்தலையும் ஒருங்கே செய்வது. பொழுதுபோக்காளர்க்கு இலவச உரிமமும் உண்டு. 2020 அக்டோபரில் அவ்வுரிமத்தின் எல்லைகளை அதன் உரிமையாளரான ஆட்டோடெஸ்க் நிறுவனம் குறுக்கியது. ஒரே வேளையில் திருத்தத்தக்க கோப்புகள் 10 என வரையறுக்கப்பட்டன. வெற்றிடத்தில் விரையும் நகர்வுகளும் வெட்டும் வேகத்துக்குக் குறைக்கப்பட்டன. தன் பொருளுக்கு நிபந்தனை விதிப்பது அந்நிறுவனத்தின் உரிமை. ஆயினும், பிறர் நிபந்தனை மாறும்போது நம் பணியும் மாற நேரும் என்பதை நாம் உணர்ந்திருத்தல் நலம்.

இதனை எண்ணும்போது பைத்துல் முகத்தஸின் அல்-அக்ஸா பள்ளிவாசலில் இருந்த புகழ்மிக்க மிம்பர் நினைவுக்கு வருகிறது. சுல்தான் நூருத்தீன் காலத்தில், 1168ஆம் ஆண்டளவில், அலெப்போ நகரத்துத் தச்சர்கள் அதனை உருவாக்கத் தொடங்கினர். 1187இல் எருசலேமை மீட்ட சுல்தான் ஸலாஹுத்தீன் அதனை அங்கே கொணர்ந்து நிறுவினார். சின்னஞ்சிறு மரத்துண்டுகளை வடிவியல் ஒழுங்கில் ஒன்றோடொன்று கோத்து அமைத்த அக்கலைப்படைப்பு, எண்ணூறு ஆண்டுகள் நின்று, 1969 ஆகஸ்ட் 21ஆம் நாள் மூட்டப்பட்ட தீயில் அழிந்தது. அதனை மீண்டும் செய்ய முனைந்தபோது, தச்சர்கள் கையாண்ட வரைவுகள் கிடைக்கவில்லை. பழைய புகைப்படங்களையும் எஞ்சிய துண்டுகளையும் கொண்டு அதன் வடிவியலை முதலிலிருந்து கண்டறிய வேண்டியதாயிற்று. பல நாட்டுக் கைவினைஞர்கள் ஜோர்தானில் உழைத்து உருவாக்கிய புதிய மிம்பர், 2007ஆம் ஆண்டில்தான் பழைய இடத்தை அடைந்தது.

நம் பலகை அம்மிம்பருக்கு நிகராகாது. ஆனால் அதற்கும் தீ உண்டு, கரையான் உண்டு. ஐம்பது ஆண்டுகளுக்குப் பின்னர் இன்னொருவர் அதனைப் புதுப்பிக்க விரும்பினால், வரைவு அவருக்குக் கிடைக்க வேண்டும். கிடைத்தால் திறக்கவும் வேண்டும். ஆகவே, வரைவை எஸ்.வி.ஜி. என்னும் திறந்த வடிவில் சேமித்தேன். அது வெறும் எழுத்துக் கோப்பு. அதன் இலக்கணமும் பொதுவில் உள்ளது. அதனோடு எந்திரக் கட்டளைக் கோப்பையும், பிட்டின் பாகை, ஆழம், வேகம் ஆகியவற்றை விளக்கும் ஒரு பக்கத் தமிழ்க் குறிப்பையும் நூலகத்தின் கணினியில் வைத்தேன். குறிப்பைத் தாளிலும் அச்சிட்டு, பலகையின் பின்புறம் ஓர் உறையில் ஒட்டினோம்.

மரம் அறிந்தவர் சொல்

பலகையை எந்திரத்தில் ஏற்றும் நாளில், ஊரின் மூத்த தச்சரான ஆசாரியாரை அழைத்திருந்தேன். திரையில் ஓடிய முன்காட்சியைப் பொறுமையாகப் பார்த்துவிட்டு, “பாய், எந்திரத்துக்குக் கோடு தெரியும், மரம் தெரியாதே. எதிர்ரேகையில் போனால் தேக்கு சிலாம்பாய்த் தெறிக்கும். மெல்லிய எழுத்து இருக்கிற பக்கம் எது என்று காட்டுங்கள்” என்றார். தமிழ் எழுத்தின் சுழிகளைக் காட்டினேன். பலகையைத் திருப்பிப் பார்த்து, முடிச்சில்லாத, ரேகை நேராக ஓடும் பகுதி அவ்வெழுத்துகளின் கீழ் வருமாறு இடம் குறித்துக் கொடுத்தார். அதே மரத்தின் கழிவுத் துண்டில் ஓர் எழுத்தை ஓட்டிப் பார்க்கவும் சொன்னார். துண்டில் எழுத்து தெளிவாக வந்தது. அதன்பின் ஒரே ஏற்றத்தில், பிட்டை இருமுறை மட்டும் மாற்றி, பலகையை முடித்தோம். இறுதியில் சுழிகளின் உள்விளிம்பில் நின்ற நுண்ணிய பிசிறுகளை உளியால் நீக்கியவர் அவரே. எந்த மென்பொருளும் எனக்குக் கூறாத செய்தியை அவரிடமிருந்து பெற்றேன் என்பதை நன்றியுடன் பதிவு செய்கிறேன்.

மாணவர்க்கு ஒரு வேண்டுகோள்

இத்துறையில் நுழைய விரும்பும் இளைஞர்க்கு நான் கூறுவது இதுவே. முதலில் செய்யப்போகும் பொருளை முடிவு செய்யுங்கள். பின்னர் அதற்கு வேண்டிய அளவு மென்பொருளைத் தேடுங்கள். ஒன்றை எடுத்து அதனையே ஆறு மாதம் பழகுங்கள். எந்திரம் ஓடும்போது அருகிலேயே இருங்கள். கண்ணுக்குக் கண்ணாடியும் மூக்குக்கு உறையும் அணியுங்கள்.

தமிழ் பயிலும் மாணவர்க்குத் தனியாகவும் ஒரு வேண்டுகோள் உண்டு. திறந்த மென்பொருள்களைச் செப்பம் செய்வோருள் தமிழெழுத்தின் ஒழுங்கை அறிந்தவர் மிகச் சிலர். எங்கே கொம்பு இடம் மாறுகிறது, எங்கே புள்ளி விலகுகிறது என்று சுட்டிக்காட்ட மொழியறிவே போதும். நிரலெழுதத் தெரிய வேண்டியதில்லை. அம்மென்பொருள்களின் கட்டளைப் பெயர்களை நல்ல தமிழில் பெயர்த்துத் தருவதும் உங்களால் இயலும். தச்சர் வீட்டுப் பிள்ளையும் நெசவாளர் வீட்டுப் பிள்ளையும் தம் மொழியிலேயே இக்கருவிகளைக் கையாளும் நிலை வருமாயின், அதில் தமிழ்த்துறைக்கும் பங்கு உண்டு என நாம் மகிழலாம்.

கற்ற கல்வியைப் பிறர்க்குப் பயன்பட வைப்பதும், பிறர் உரிமையைப் பேணி உழைப்பதும் நம் முன்னோர் நமக்கு விட்டுச் சென்ற நெறிகள். அந்நெறியில் நம் இளைஞர்களின் கைகளும் அறிவும் சிறக்க வல்ல இறைவன் அருள்புரிவானாக. ஆமீன்.